பொழுது சாய்வதற்குள்

போளூர் ரோட்டில் விருசபதாசனின் உரக்கடையில் யூரியா கிடைக்கும், மணிலாக்கொட்டை விதை கிடைக்கும், பூச்சி மருந்து மட்டும் கிடைக்காது. புழுவுக்கு ஏதாவது குடுங்க என்று யாராவது கேட்டால், "பக்கத்துக் கடையில கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். சமண வீட்டில் பிறந்தவர். உயிரைக் கொல்லும் சரக்கைத் தொடக்கூடாது என்பது அவருக்கு அப்பா காலத்துக் கட்டளை. இந்த ஒரு கொள்கைக்காகவே பக்கத்துக் கடைக்காரர் அவர் மேல் உயிரையே வைத்திருந்தார்.

விருசபதாசன் கடை அன்றைக்குத் திறக்கவே இல்லை. பௌர்ணமி நாள். ஊரே மலை சுற்ற வந்த கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது. விருசபதாசனோ வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மனைவி குசுமாவதியின் கைப்பேசியில் வந்திருந்த ஒரு குரல்பதிவை எத்தனாவது தடவையாகவோ கேட்டுக்கொண்டிருந்தார். பேசியது மகள் சுருதி.

"அம்மா, குட்டி பிளேன் போயிடுச்சும்மா. நான் வெளிய சாப்பிடப் போன நேரமா பாத்து பேரக் கூப்பிட்டிருக்காங்க. ஆளக் காணோம்னு என் சீட்ட வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. இங்க ரன்வேல லைட்டே இல்ல, இருட்டினா ஒண்ணும் பறக்காது. அடுத்தது நாளைக்குக் காலைலதானாம். இப்ப ஏர்போர்ட்டப் பூட்டப் போறாங்க. போன்ல சார்ஜ் இல்ல. நீ பயப்படாத."

பயப்படாதே என்று பிள்ளை சொன்னால் எந்தத் தாய் பயப்படாமல் இருந்திருக்கிறாள்? பதிவு அதோடு முடிந்துபோனது. அது வந்தது விடிவதற்கு முன்னால். அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற ஒரே பதில்தான்.

சுருதி நர்ஸ். வேலூரில் படித்து, சென்னையில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, கரீபியன் கடற்கரையில் ஏதோ ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலை கிடைத்துக் கிளம்பியிருந்தாள். சென்னையிலிருந்து மூன்று பெரிய விமானம் மாறி, கடைசியாக அந்தக் கடற்கரையில் ஒரு குட்டி விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஒன்பது பேர் மட்டும் உட்காரக்கூடிய விமானத்தில் ஆஸ்பத்திரி ஊருக்குப் போக வேண்டும். அந்தக் குட்டி நிலையத்தில் இறங்கியதும் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். தகரக் கூரை, ஒரு மின்விசிறி, சுவரோரம் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பெட்டியை எடை போடும் தராசிலேயே ஆளையும் ஏற்றி எடை பார்த்தார்கள். "நம்ம கடை தராசு மாதிரியே இருக்குதுப்பா" என்று சிரித்திருந்தாள். முந்தின நாள் அதைப் பார்த்து விருசபதாசனும் சிரித்தார். இப்போது அதே வீடியோவைப் போட்டு, அந்த நாலு நாற்காலியையே பார்த்தார். பூட்டிவிட்டால் இவள் எங்கே போவாள்? ஊர் தெரியாது, பாஷை தெரியாது, கையில் இரண்டு பெட்டி.

இதில் குசுமாவதிக்கு இன்னொரு வேதனை இருந்தது. அந்த வீட்டில் பொழுது சாய்ந்தால் அடுப்பு எரியாது. யாரும் சாப்பிட மாட்டார்கள்; தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. மறுநாள் சூரியன் தெரிந்த பிறகுதான் எதுவும். தலைமுறை தலைமுறையாக வந்த நியமம். சென்னை விமான நிலைய வாசலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு குசுமாவதி சொன்ன கடைசி வார்த்தையும் அதுதான்: "எந்த ஊர்ல இருந்தாலும் பொழுதோட சாப்பிட்டுடு." பெண்ணும் சொன்ன சொல் தட்டாமல், அங்கே வெயில் இறங்குவதைப் பார்த்ததும், உள்ளே இருந்த ஒரே கடையில் பொரித்த மீனின் வாடை தாங்காமல், அம்மா கட்டிக்கொடுத்த பொரியையும் மாவுருண்டையையும் எடுத்துக்கொண்டு வெளியே மரத்தடிக்குப் போயிருக்கிறாள். அந்த நேரத்தில்தான் விமானம் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது.

"சொன்னது நானு," என்றாள் குசுமாவதி. "அவ ஒரு வேள பட்டினியா இருந்திருந்தா, இந்நேரம் போய்ச் சேந்திருப்பா."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. யாருக்கு வேணா நடக்கும்."

"யாருக்கும் நடக்காது. நம்ம வீட்டுப் பொண்ணுக்குத்தான் நடக்கும்."

அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். திரும்பி வந்து நிதானமாகச் சொன்னாள். "அவ பத்திரமா எறங்கிட்டான்னு தெரியற வரைக்கும் எனக்கு அன்னம் தண்ணி கெடையாது."

விருசபதாசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குச் சர்க்கரை நோய். எழுந்ததும் மாத்திரை போட்டுக்கொள்வது பழக்கம். அன்றைக்கும் கைப்பேசியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே போட்டுவிட்டிருந்தாள். மாத்திரை போட்ட வயிறு. போன வருஷம் நோன்பு நாளில் இப்படித்தான் பிடிவாதமாக இருந்து, துணி உலர்த்தப் போன இடத்தில் மயங்கி விழுந்தாள். இன்னொரு தடவை இப்படிப் பண்ணினால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது என்று டாக்டர் அவரைத்தான் கூப்பிட்டுத் திட்டினார். ஏதோ அவர் சொல்லி அவள் கேட்டுவிடுவாள் என்பது போல.

காலையில் கெஞ்சினார். மத்தியானம் கோபித்துக்கொண்டார். அவர் பிடித்த கிண்ணத்தை அவள் தள்ளக்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள், அவ்வளவுதான். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்தப் பார்வையிடம் அவர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அவருக்கும் அன்றைக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மாடியில் குடியிருக்கும் கவியாவைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பக்கத்துலயே இரும்மா" என்று உட்கார வைத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அருண்பிரசாத்தைப் பார்க்கப் போனார்.

அருண்பிரசாத் சின்னக்கடைத் தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே டிராவல்ஸ் கடை வைத்திருக்கிறான். சுருதிக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்தவன் அவன்தான். பெரிய விமானமாக இருந்தால் இப்போது எந்தக் கடலுக்கு மேலே பறக்கிறது என்று கம்ப்யூட்டரில் காட்டிவிடுவான். இது அப்படி இல்லை.

"அந்தக் குட்டி பிளேன் எதுலயுமே காட்டாது சார். ஏர்போர்ட்டுக்கு இருக்கறதே ஒரே போனு. அடிச்சிகினுதான் இருக்கேன், எடுக்க ஆள் இல்ல. அங்க இப்பத்தான் விடியுது."

அந்த விஷயம் விருசபதாசனுக்குத் தலையில் சரியாக ஏறவே கொஞ்ச நேரம் ஆனது. இங்கே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அங்கே இப்போதுதான் விடிகிறது. விடிந்து, ஆள் வந்து, பூட்டைத் திறந்து, விமானம் வந்து, அவள் ஏறி, போய் இறங்கி, அதன் பிறகு சேதி சொல்வதற்குள் இங்கே நன்றாக இருட்டிவிடும். இருட்டிய பிறகு என்ன நல்ல சேதி வந்தாலும் குசுமாவதி சாப்பிட முடியாது. விடியும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

"அந்த ஏர்போர்ட்டப் பத்தி ஏதாவது போட்டிருக்கானா பாருப்பா," என்றார்.

அருண்பிரசாத் வரைபடத்தில் தேடிப் பிடித்தான். யாரோ போட்டிருந்த படத்தில் தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு சிமெண்ட் பட்டை, ஓரமாய் அந்தத் தகரக் கூரை. வேலிக்குப் பக்கத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கீழே போய்வந்தவர்கள் எழுதிய கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான். கழிவறையில் தண்ணீர் வராது என்று ஒருத்தர். ஆட்கள் நல்லவர்கள், நாற்காலிதான் பத்தாது என்று இன்னொருத்தர். மூன்றாவதைப் படிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"என்னா எழுதிருக்குது? சொல்லு."

"ஒண்ணும் இல்ல சார். சாயங்காலம் பூட்டிட்டா வெளிய நிக்க எடம் இல்லைனு... எழுதினவர் ஆம்பள சார், அவருக்கு யாரும் உதவி பண்ணிருக்க மாட்டாங்க. பொண்ணுன்னா பாத்துப்பாங்க."

பொண்ணு என்பதுதான் பயமே என்று விருசபதாசன் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் போல இருந்தது. அப்போது அவர் கைப்பேசி அடித்தது. எடுத்தால் கவியா.

"அங்கிள், ஆன்ட்டிக்கு வேர்த்து வேர்த்து ஊத்துது. கை நடுங்குது. சர்க்கரைத் தண்ணி கரைச்சு எடுத்துகினு வந்தா வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. டாக்டருக்கு போன் பண்ணேன், உடனே ஏதாவது குடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு வாங்கன்னு சொல்றாரு. எழுந்திரிக்கவே மாட்டேங்கறாங்க."

விருசபதாசன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அருணு," என்றார். "நீ ஒரு போன் பண்ணி குசுமாகிட்ட சொல்லிடேன். சுருதி எறங்கிட்டா, கடைக்கு போன் வந்துச்சுன்னு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு வராது சார். அக்கா ரெண்டு கேள்வி கேட்டா நான் மாட்டிக்குவேன். நீங்களே சொல்லிடுங்க."

பொய் என்றால் விருசபதாசனுக்குத் தெரியாத சரக்கு இல்லை. யூரியா லாரி நாளைக்கு வந்துவிடும் என்று வாரத்துக்கு நாலு பேரிடம் சொல்கிறவர்தான். ஆனால் குசுமாவதியிடம் ஒரு நியமத்தில் பொய் சொல்வது வேறு. அவள் அவர் வார்த்தையை நம்பித் தன் விரதத்தை முடிப்பாள். நாளைக்கு அங்கே பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? அவள் சாப்பிட்டதால்தான் ஆனது என்று சாகும் வரை நினைப்பாள். அவரை என்ன நினைப்பாள் என்பதை அவர் யோசிக்கவே விரும்பவில்லை.

தேரடி வீதியில் தடுப்பு போட்டுவிட்டார்கள். ஸ்கூட்டரை ஒரு லாட்ஜ் வாசலில் நிறுத்திவிட்டு நடந்தார். கூட்டம் முழுக்க எதிர்த்திசையில், மலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வெறுங்காலோடு குடும்பம் குடும்பமாக, குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நிதானமாக, யாருக்கும் எந்த அவசரமும் இல்லாமல். அவர் ஒருத்தர்தான் எல்லோரையும் இடித்துக்கொண்டு போனார். "பாத்துப் போங்க பெரியவரே" என்று யாரோ கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். உதறிவிட்டு ஓடினார். மலையின் மேல் பாதியில்தான் வெயில் மிச்சம் இருந்தது. அதை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே, சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது குசுமாவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, நெற்றியில் முடி ஒட்டிக் கிடந்தது. அவரைப் பார்த்ததும் எழப் பார்த்து, முடியாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

"எறங்கிட்டா," என்றார் விருசபதாசன். மூச்சிரைப்பு அவருக்கு உதவி செய்தது. "அருண் கடைக்கு போன் பண்ணா. நம்ம நம்பர் கெடைக்கலியாம்."

"நீங்க பேசினீங்களா?"

"பேசினேன்."

"உங்க காதால கேட்டீங்களா? அவ கொரலு?"

"நான்தாம்மா பேசினேன். நல்லா இருக்கா. ஆஸ்பத்திரில இருந்தே வண்டி அனுப்பிருந்தாங்களாம்."

வண்டியை எதற்குச் சேர்த்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. குசுமாவதி விடவில்லை. "ராத்திரி எங்க இருந்தாளாம்?"

"அதெல்லாம் கேக்க நேரம் இல்ல. அம்மாவ மொதல்ல சாப்பிடச் சொல்லுன்னா. பொழுது போகப் போவுது குசுமா. எழுந்திரு."

கவியா சர்க்கரைத் தண்ணீரை நீட்டினாள். குசுமாவதி இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுக் குடித்தாள். டம்ளர் பல்லில் பட்டு நடுங்கியது. பிறகு கவியா தயிர்சோறு பிசைந்து கொடுக்க, வாங்கி ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். விருசபதாசன் எதிரே நின்று அவள் முழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, மங்கத் தொடங்கியது.

"நீங்க?" என்றாள்.

"அருண் வாங்கிக் குடுத்தான். சாப்பிட்டுட்டேன்." ஒன்று சொன்ன வாய்க்கு இரண்டாவது சுலபமாகத்தான் வந்தது.

அவள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது. கவியா மாடிக்குப் போனாள். வெளியே இருட்டியது. மேஜை மேல் இருந்த குசுமாவதியின் கைப்பேசி அப்போதுதான் அடித்தது. நீளமான, தெரியாத எண். விருசபதாசன் பாய்ந்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

"அப்பா," என்றாள் சுருதி.

அவர் துவைக்கிற கல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, லைன்ல இருக்கியா? இன்னும் ஏர்போர்ட்லதான்பா இருக்கேன். நல்லா இருக்கேன். இங்க காவல்காரரு, பூட்டிட்டு அவரு வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டாரு. அவரு பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க எல்லாம் இருந்தாங்க. சார்ஜர் பின்னு இங்க சேரவே இல்ல. அவரு போன்ல வெளிநாட்டுக்குப் போகாது. இப்பத்தான் ஆபீசரம்மா வந்து அவங்க போன் குடுத்தாங்க. பிளேன் வந்துடுச்சு, எட போட்டுட்டாங்க, கூப்பிடப் போறாங்க." கொஞ்சம் தயங்கினாள். "அப்பா, ஒண்ணு. நேத்து அவங்க வீட்ல சாப்பிட்டேன். நல்லா இருட்டின அப்புறம். சாயங்காலம் பொரிதான் தின்னேன், ரொம்பப் பசி. அவங்க தட்டுல போட்டு எதுர உக்காந்துட்டாங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்," என்றார். திரும்பினால் குசுமாவதி பின்கதவில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். வேறு என்ன செய்ய முடியும்?

"சுருதி."

"அம்மா! நல்லா இருக்கேம்மா. இதோ ஏறப்போறேன்."

இதோ ஏறப்போறேன் என்ற வார்த்தை அந்தப் பின்கட்டில் அவருக்கும் தெளிவாகக் கேட்டது. குசுமாவதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். இத்தனை வருஷம் அவள் அவரிடம் கோபித்திருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், சந்தேகப்பட்டதே இல்லை. இனி அது முடிந்தது என்று அவருக்குத் தோன்றியது.

"நேத்து சாப்பிட்டியாடி?" என்று மகளிடம் கேட்டாள்.

"சாப்பிட்டேம்மா. பொழுதோடவே."

"அப்புறம் ராத்திரி?"

"ராத்திரி ஒண்ணும் இல்லம்மா."

"நீயும் உங்கப்பாவும் ஒரே மாதிரிதான் பேசறீங்க," என்றாள் குசுமாவதி. "யாராச்சும் சோறு போட்டாங்களாடி?"

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. "போட்டாங்கம்மா. பயறும் தேங்காப்பாலும் போட்டு வெச்ச சோறு. கறி வேணான்னு சொன்னேன், தனியா எடுத்து வெச்சாங்க."

"சூடா இருந்துச்சா?"

"சூடா இருந்துச்சும்மா."

குசுமாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை எடுக்காமலே தலையை ஆட்டினாள், மகள் நேரில் நிற்பதைப் போல. அங்கே யாரோ உரக்கப் பேர் பேராக வாசிப்பது கேட்டது.

"கூப்பிடறாங்கம்மா. எறங்கினதும் போன் பண்றேன். அது வரைக்கும் நீ பட்டினி கெடக்காத, உன்னப் பத்தி எனக்குத் தெரியும்."

"நான் சாப்பிட்டுட்டேன். நீ போ. போய் ஏறு மொதல்ல," என்றாள் குசுமாவதி. "போன் பண்ணு. பண்ண முடியலன்னாலும் காலைல நான் சாப்பிட்டுடுவேன். நீயும் பசிச்சா சாப்பிடு. பொழுதப் பாத்துகினு நிக்காத."

இணைப்பு அறுந்தது. சாலையில் மலை சுற்றப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. விருசபதாசன் துவைக்கிற கல்லை விட்டு எழவில்லை. ஏதாவது திட்டமாட்டாளா என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

அவள் உள்ளே போனாள். சமையலறையில் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டில் மிச்சத் தயிர்சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"பொழுது போயிடுச்சே குசுமா," என்றார்.

"தெரியுது," என்றாள். "அருண் கடைல என்ன வாங்கிக் குடுத்தான்னு நான் கேட்டனா? சாப்பிடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்து, நடுக்கம் முழுசாக விடாத கையால் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் முதல் வாயை எடுத்து வைக்கும் வரை விடவில்லை.